சந்தாக் கணக்கு – 11: 19 ரூபாய்

போன வாரம் அரசு கேபிளில் நிறுத்தியிருந்தோம். 2011 செப்டம்பர், மாதம் 70 ரூபாய், 90 சேனல்; அதில் 20 ரூபாய் அரசு கேபிள் கார்ப்பரேஷனுக்கு, 50 ரூபாய் ஆபரேட்டருக்கு. விட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஓ.டி.டி.க்குள் நுழைவதாகச் சொல்லியிருந்தேன். தியேட்டரை விட்டு இறங்கிய தமிழ்ப் படங்கள் எந்தெந்த ஆப்பில் போய் ஒதுங்குகின்றன, அத்தனையையும் பார்க்க நினைக்கும் ஒரு வீட்டுக்கு என்ன செலவாகும் என்று எழுதுவதாகத் திட்டம். ஒத்தக்கடைக்குப் போனதும் அதற்காகத்தான். அங்கே ஒரு கேபிள் ஆபரேட்டரின் கண்ட்ரோல் ரூமில் பார்த்த ஒரு தாளை விட்டு என்னால் நகர முடியவில்லை. அதைச் சொல்லாமல் ஓ.டி.டி. விலையைப் பேசினால் பாதிக் கதைதான் பேசியதாகும்.

மதுரையிலிருந்து மேலூர் ரோட்டில் வந்தால் மாட்டுத்தாவணி, அதைத் தாண்டி உயர் நீதிமன்றக் கிளை, அப்புறம் ஒத்தக்கடை. இடது பக்கம் முழுக்க யானைமலை படுத்திருக்கும். வலது பக்கம் பிரியும் ரோடு திருமோகூருக்குப் போகும். கடைவீதியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாடியறை. சுவரோரம் ரேக், அதில் கண் சிமிட்டும் பெட்டிகள், மேலே ஓடிக்கொண்டே இருக்கும் ஃபேன், மேஜையில் ஃபைபர் ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் மிஷின். மூலையில் ஒரு சாக்கு நிறையப் பழைய செட்டாப் பாக்ஸ்கள். ஆபரேட்டர் அண்ணன் அந்தச் சாக்குக்குப் பின்னாலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்துப் போட்டார்.

2019 ஜனவரியில் அவர் வீடு வீடாகக் கொண்டுபோய் நிரப்பி வாங்கிய சேனல் படிவங்கள். மலிவான தாள், மங்கிய அச்சு. இடது பக்கம் சேனல் பெயர், அதற்கு நேரே விலை, ஓரத்தில் டிக் அடிக்கக் கட்டம். சிலர் நீலப் பேனாவில் அடித்திருக்கிறார்கள், சிலர் பென்சிலில். ஒரு தாளில் பக்திச் சேனல்களுக்கு மட்டும் டிக். மற்ற இடமெல்லாம் வெறுமை. இன்னொன்றில் குழந்தை கிறுக்கிய கோடுகள். கைரேகை வைத்த தாளும் உண்டு.

விலைப் பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தேன். சன் டிவி 19. ஸ்டார் பிளஸ் 19. ஜீ டிவி 19. சோனி 19. கலர்ஸ் 19. விஜய் டிவி கொஞ்சம் இறங்கி 17. வெவ்வேறு முதலாளி, வெவ்வேறு மொழி, வெவ்வேறு செலவு. விலை மட்டும் எப்படிப் பைசா மாறாமல் ஒன்றாக வந்தது?

அந்தக் காரணம்தான் இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து ஆட்டியது. 2017 மார்ச் 3-ம் தேதி டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், புதிய கட்டண ஆணை போட்டது. இனி மக்கள் வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் காசு கொடுக்கலாம். ஒவ்வொரு சேனலுக்கும் நிறுவனம் தன் விலையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். விலைக்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை: 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலை, பல சேனல்களைச் சேர்த்து விற்கும் பேக்கில் சேர்க்கக் கூடாது. அவ்வளவுதான். பேக்கை விட்டு வெளியே போகப் பெரிய சேனல் எதற்கும் மனமில்லை. ஆளாளுக்கு 19-ல் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு சேனலின் உண்மையான மதிப்பு என்ன என்று சந்தையில் யாரும் கண்டுபிடிக்கவே இல்லை. ஆணையம் எழுதிய எல்லைக்கோடே விலையாகிவிட்டது.

2019-ல் இந்த விலைகள் தவிர அடிப்படைக் கட்டணம் தனி: 100 சேனல் வரை 130 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 பைசா. அந்த நூறில் தூர்தர்ஷன் சேனல்கள் கட்டாயம். அதற்கு மேல்தான் இந்த டிக் கணக்கு.

“சன், விஜய் ரெண்டு மட்டும் போதும்னு டிக் அடிச்சவங்க ரொம்பக் கொஞ்சம்ணே,” என்றார் அவர். “நாலஞ்சு சேனல் தனியா எடுத்தாலே கூட்டி வர்ற காசுக்குப் பேக்கே வாங்கிரலாம். கேக்குறவங்களுக்கு நாங்களும் அதத்தான் சொன்னோம். வேற என்னத்தச் சொல்றது? பாவம், பெரியவங்க எல்லாம் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒக்காந்து டிக் அடிச்சாங்க.”

அந்தப் பெரியவர்கள் அடித்த டிக்குக்கு ஏன் மதிப்பில்லாமல் போனது? இதற்குப் பதில் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது. டிராயின் அதே 2017 ஆணையில் இன்னொரு விதியும் இருந்தது. பேக்கின் விலை, அதிலுள்ள சேனல்களின் தனி விலைகளைக் கூட்டிய தொகையிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது. கேட்டவுடன் விசித்திரமாகத்தான் இருக்கும். தள்ளுபடி தராதே என்று அரசு அமைப்பே சொல்வதா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஒவ்வொன்றும் 10 ரூபாய் விலையில் 10 சேனல், மொத்தம் 100. எங்கள் வீட்டுக்கு அதில் நாலுதான் வேண்டும் என்றால் தனியாக 40 ரூபாய். 15 சதவீத வரம்பு இருந்தால் பேக் 85-க்குக் கீழே போக முடியாது. நான் 40 கொடுத்து நாலை எடுத்துக்கொள்வேன். 45 ரூபாய் மிச்சம். வரம்பு இல்லையென்றால் நிறுவனம் அதே பேக்கை 30-க்குத் தரும். நாலு சேனல் 40, பத்துச் சேனல் 30! எந்தக் குடும்பம் நாலை எடுக்கும்? பார்க்காத ஆறு சேனலும் என் வீட்டுக் கணக்கில் ஏறும். அந்த ஆறும் இத்தனை லட்சம் வீடுகளில் இருக்கிறோம் என்று காட்டி விளம்பரம் வாங்கும்.

டிராய் ஆணையை எதிர்த்து ஸ்டார் இந்தியாவும் விஜய் டெலிவிஷனும் வழக்குப் போட்டன. 2018 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு மாறுபட்ட தீர்ப்புத் தந்தது. மே மாதம் மூன்றாவது நீதிபதி எம்.எம்.சுந்தரேஷ், தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜியின் பார்வையை ஏற்றார். ஆணை செல்லும், ஆனால் 15 சதவீத விதி மட்டும் தன்னிச்சையானது, செல்லாது. அக்டோபர் 30-ம் தேதி உச்ச நீதிமன்றமும் ஆணையை உறுதிசெய்தது. விழுந்த அந்த ஒரு விதி எழுந்திருக்கவே இல்லை. ஆக 2019 பிப்ரவரி 1-ம் தேதி நாடு முழுக்க அமலுக்கு வந்தது, மக்களைக் காப்பாற்ற எழுதிய விதி உருவப்பட்ட ஆணை. அதே ஆண்டு ஆகஸ்டில் டிராய் வெளியிட்ட ஆலோசனை அறிக்கையே, பேக்குகளில் 70 சதவீதம் வரை தள்ளுபடி போகிறது என்று ஒப்புக்கொண்டது. நான் மேலே சொன்ன 30 ரூபாய்க் கணக்கு அதுதான்.

ஆணையம் சும்மா இருக்கவில்லை. 2020 ஜனவரியில் 19-ஐ 12 ஆக்கியது. பெரிய நிறுவனங்கள் வழக்குக்குப் போயின. பிறகு, முன்னணி இந்திச் சேனல்களுக்கு 20-க்கு மேல் விலையை அறிவித்துப் பேக்கிலிருந்து வெளியே எடுக்கப் பார்த்தன. வேண்டிய சேனலுக்குத் தனியாகவும் மற்றதுக்குப் பேக்காகவும் இரண்டு முறை காசு கொடுக்கும் நிலை. 2022 நவம்பரில் ஆணையம் மறுபடி 19-க்கே திரும்பியது. கூடவே தள்ளுபடிக்கு 45 சதவீதம் என்று ஒரு வரம்பு வைத்தது. பத்துச் சேனல் பேக் இப்போது 55-க்குக் கீழே போகாது. நாலு சேனல்காரருக்கு 15 ரூபாய் மிச்சம். இவ்வளவு சின்ன நியாயத்துக்கு ஐந்தாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதற்குள் ஒத்தக்கடைப் பிள்ளைகள் செல்போனுக்குப் போய்விட்டார்கள்.

வழக்கு நடந்தது சென்னையில் என்றாலும், நீதிமன்றம் என்ற பேச்சு வந்ததும் அண்ணன் வேறொரு கதைக்குத் தாவினார். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை திறந்த பிறகு இந்தப் பக்கம் ஜூனியர் வக்கீல்கள் அறை எடுத்துத் தங்குவது வழக்கமாகிவிட்டது. தொடக்கத்தில் ஒரு அறைக்கு ஒரு கேபிள் இணைப்பு. இப்போது அறையில் டிவியே கிடையாது. நெட் மட்டும் கேட்கிறார்கள். ஒருத்தர் நெட்ஃபிளிக்ஸ், ஒருத்தர் பிரைம், இன்னொருத்தர் ஹாட்ஸ்டார் என்று பிரித்துக் கட்டி, பாஸ்வேர்டை மாற்றிக்கொள்வார்களாம். 2023 ஜூலை 20-ம் தேதி நெட்ஃபிளிக்ஸ், ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும்தான் என்று இந்தியாவில் கதவைச் சாத்தியது. “அன்னைக்கு எனக்குப் போன் போட்டு, ‘அண்ணே, நெட்டுல ஏதோ கோளாறு’ங்கிறாங்க. என் ஃபைபர்ல ஒரு கோளாறும் இல்லப்பா, அங்கிட்டுப் போய்க் கேளுன்னேன். அங்கிட்டு யாருகிட்ட கேக்குறது?”

அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நான் ஊருக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். கேபிள் விலைக்கு ஒரு ஆணையம் இருக்கிறது, அதைக் கேள்வி கேட்க நீதிமன்றம் இருக்கிறது, திட்டுவதற்குத் தெருவிலேயே ஒரு ஆள் இருக்கிறார். ஓ.டி.டி.யை 2020 நவம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். 2021-ல் வந்த விதிகள் எதைக் காட்டலாம், எந்த வயதினருக்கு என்பதைப் பேசுகின்றன. விலையைப் பற்றி ஒரு வரி கிடையாது.

2021 டிசம்பர் 14-ம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று நெட்ஃபிளிக்ஸ் தன் 499 ரூபாய் பேசிக் திட்டத்தை 199 ஆக்கியது. அதே நாளில் அமேசான் பிரைம் ஆண்டுச் சந்தா 999-லிருந்து 1,499 ஆனது. ஒன்று பாதிக்கும் கீழே, மற்றொன்று ஒன்றரை மடங்கு மேலே. எந்தச் செலவு குறைந்தது, எந்தச் செலவு கூடியது என்று யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அந்த 1,499-ஐக் கட்டியவர்களுக்கும் 2025 ஜூனிலிருந்து பிரைம் படங்களுக்கு நடுவே விளம்பரம் வருகிறது. வேண்டாமென்றால் ஆண்டுக்கு இன்னும் 699.

கிரிக்கெட்டிலும் இதே கதை. 2022 ஜூனில் ஐ.பி.எல். உரிமத்தை ஏலம் விட்டபோது டிவிக்கு 23,575 கோடி, டிஜிட்டலுக்கு 23,758 கோடி. முதல் முறையாகச் செல்போன் டிவியைத் தாண்டியது. டிஜிட்டலை வாங்கிய வயாகாம்18, 2023-லும் 2024-லும் ஜியோ சினிமாவில் இலவசமாகக் காட்டியது. டீக்கடை வாசலில் நின்றுகொண்டுகூட மேட்ச் பார்த்த வருடங்கள் அவை. 2025 பிப்ரவரி 14-ம் தேதி ஜியோ சினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆனது. முழு மேட்ச் பார்க்கச் சந்தா வந்தது. இரண்டு ஆப் ஒன்றானால் செலவு குறையும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆப் ஒன்று குறைந்தது, இலவசமும் சேர்ந்து போனது.

கேபிளில் 19 ரூபாய் என்று ஒரு தனி விலையாவது இருந்தது. ஓ.டி.டி.யில் அதுகூட இல்லை. பிரைம் 2022 ஏப்ரலில் 69 ரூபாயிலிருந்து படங்களை வாடகைக்கு விடத் தொடங்கியது உண்மைதான். ஆனால் ‘ஜெய் பீம்’ மட்டும் பார்க்க வேண்டும் என்று ஒத்தக்கடையில் ஒரு அம்மா கேட்டால் அந்தப் படத்துக்குத் தனி விலை கிடையாது. பிரைம் முழுவதையும் வாங்க வேண்டும். ‘ஜகமே தந்திரம்’ பார்க்க நெட்ஃபிளிக்ஸ் முழுவதையும் வாங்க வேண்டும்.

இப்போது இந்த அண்ணனே நெட்டோடு ஓ.டி.டி. பேக் விற்கிறார். ஒரே பில்லில் பல ஆப்கள். வாடிக்கையாளருக்கு வசதி, மறுக்கவில்லை. ஆனால் எந்த ஆப் உள்ளே, எது வெளியே என்பது அவர் கையில் இல்லை; திடீரென்று ஒன்று கழன்றுவிட்டால் வசவு மட்டும் அவருக்கு. 2019 தாளில் இருந்த அதே பேக் வியாபாரம்தான் இதுவும். ஒரு வித்தியாசம்: 15 சதவீதம், 45 சதவீதம் என்று கேட்க இங்கே யாருக்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை. தனியாகத் தருவதன் விலையையும் சேர்த்துத் தருவதன் விலையையும் ஒரே கை எழுதும்வரை, தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது என்று சொல்வதில் பொருள் இல்லை. டிராய்க்கோ வேறு அமைப்புக்கோ அந்த அதிகாரத்தைக் கொடுக்க வேண்டும். குறைந்தபட்சம், ஆப்புக்காகவே எடுத்த படமானாலும் ஒற்றைப் படத்துக்கு ஒரு வாடகை விலை இருந்தாக வேண்டும் என்ற விதியாவது வர வேண்டும்.

தமிழ்ப் படங்கள் ஆப் ஆப்பாகச் சிதறிய கதை அடுத்த வாரத்துக்குப் போகிறது. 2020 மே 29-ம் தேதி ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாகப் பிரைமுக்குப் போனபோது தியேட்டர்காரர்கள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள், மதுரை மண்ணின் கதையான ‘சூரரைப் போற்று’ ஏன் மதுரைத் தியேட்டர்களுக்கு வரவில்லை என்பதெல்லாம் அதில் வரும். அதற்கும் முன்னால் 2013-க்குப் போயாக வேண்டும். கமல்ஹாசன் ‘விஸ்வரூபம்’ படத்தைத் தியேட்டருக்கு முன்பே டி.டி.எச்.சில் தர நினைத்தார். ஒரு வீட்டுக்கு, ஒரு தடவைக்கு 1,000 ரூபாய். ஒற்றைப் படத்துக்கு ஒற்றை விலை என்ற பேச்சைத் தமிழ்நாடு அப்போதே கேட்டுவிட்டது. அந்தத் திட்டத்தை யார் யார் தடுத்தார்கள், என்ன சொல்லித் தடுத்தார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)