குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது?

எடை குறைக்கும் போட்டியான ‘தி பிக்கஸ்ட் லூசர்’ அமெரிக்கத் தொலைக்காட்சியில் சக்கைப்போடு போட்ட காலம் அது. 2009-ல் அதன் எட்டாவது சீசனை வென்றவர் டேனி காஹில். ஏழே மாதத்தில் 195 கிலோவிலிருந்து 87 கிலோவுக்கு இறங்கியிருந்தார். பிறகு வந்த ஆண்டுகளில் 45 கிலோவுக்கு மேல் கூடிவிட்டது.

‘வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்று சொல்லிவிடலாம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் அப்போது ஆய்வாளராக இருந்த கெவின் ஹால் அப்படி விட்டுவிடவில்லை. அந்தப் போட்டியாளர்களில் 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து மீண்டும் பரிசோதித்தார். சராசரியாக ஆளுக்கு 58 கிலோ குறைத்திருந்தார்கள். அதில் 41 கிலோ திரும்பியிருந்தது.

2016-ல் வெளியான அந்த ஆய்வு வேறொன்றையும் சொன்னது. சும்மா படுத்திருக்கும்போதும் மூச்சுக்கும் இதயத்துடிப்புக்கும் உடம்பு கலோரியைச் செலவிடுகிறது. அவர்களுடைய எடைக்கும் வயதுக்கும் ஆக வேண்டிய செலவைவிட, நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே ஆகிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு! எடை ஏறிய பிறகும் உடம்பு அந்தச் சிக்கனத்தைக் கைவிடவில்லை.

செலவு குறைய, பசியோ கூடுகிறது. ‘கையிருப்பு போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோன் கொழுப்பிலிருந்துதான் சுரக்கிறது. கொழுப்பு கரைந்தால் அதுவும் சரிகிறது. கடும் டயட்டில் எடை குறைத்தவர்களை மெல்போர்னில் ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டார்கள். ஓராண்டு ஆகியும் அவர்களின் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை.

அப்படியானால் முயற்சியே வீணா? இல்லை. போட்டியாளர்களிலேயே எடையைத் தக்கவைத்தவர்கள், மற்றவர்களைவிட உடலுழைப்பை வெகுவாகக் கூட்டியிருந்தார்கள். குறைத்த எடையைக் காப்பாற்றுகிறவர்களின் பழக்கங்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு சேகரித்துவருகிறது. அவர்களில் பலர் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறார்கள் அல்லது உடற்பயிற்சி செய்கிறார்கள். வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள்.

எடை திரும்புவதற்கு, எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் விலக்கல்ல. அவற்றில் ஒன்றான செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டிலேயே திரும்பியதை ஓர் ஆய்வு காட்டியது. ரத்த அழுத்தம் சீரானதும் மாத்திரையைத் தூக்கிப்போட்டால் என்ன ஆகுமோ, அதேதான்.

ஆகவே, டயட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ‘மூன்று மாதத்தில் எத்தனை கிலோ?’ என்ற கணக்கு உதவாது. ‘ஐந்து வருடம் கழித்தும் இப்படிச் சாப்பிட முடியுமா?’ என்று பார்க்க வேண்டும். முடியாது என்று தோன்றினால், குறைவாகக் குறைந்தாலும் தொடரக்கூடிய வழியே மேல்.