தொப்பிக்கு ஒரு சொல், செருப்புக்கு ஒரு சொல்!

ஆங்கிலம் படிக்கும் வியட்நாம் மக்கள் படும் பாடு

சட்டை போடுவதற்கு ஒரு சொல். தொப்பி போடுவதற்கு வேறு சொல். செருப்பு போடுவதற்கு இன்னொரு சொல். மூக்குக் கண்ணாடி மாட்டுவதற்கு மற்றொரு சொல்.

இப்படிச் சொல்லுக்கு மேல் சொல் வைத்திருப்பவர்கள், வியட்நாம் நாட்டு மக்கள்.

அவர்கள் ஆங்கிலம் படிக்க உட்கார்ந்தால், இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு சொல்தான் கிடைக்கிறது. 'வேர்' என்பது அந்தச் சொல். மரத்தின் வேர் அல்ல! 'அணிந்திரு' என்று பொருள்படும் ஆங்கில வினைச்சொல்.

பல சொற்களுக்குப் பதில் ஒரு சொல் என்றால் சுலபம்தானே? அதுதான் இல்லை!

உச்சி முதல் பாதம் வரை

வியட்நாம் மொழியில் சட்டை, கால்சட்டை போன்ற உடைகளுக்கு 'மக்' என்ற சொல் உண்டு. அங்குள்ள பெண்கள் உடுத்தும் நீண்ட அங்கிக்கும் அதே சொல்தான்.

தலையில் வைப்பது என்றால் 'மக்' உதவாது. அதற்கு 'டோய்' என்று சொல்ல வேண்டும். ஓலையால் செய்த கூம்புத் தொப்பி அந்த நாட்டில் பிரசித்தம். அதை அணிவது 'டோய்'. தலையில் கூடை சுமப்பதும் 'டோய்'தான். தலை தாங்குகிறதா, அதுதான் கணக்கு!

மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் எல்லா ரோடுகளிலும் ஹெல்மெட் போட வேண்டும் என்ற உத்தரவு, 2007 டிசம்பர் 15-ந் தேதி அங்கே அமலுக்கு வந்தது. ஹெல்மெட் போடுவதற்கும் 'டோய்' என்றுதான் சொல்கிறார்கள்.

மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், மோதிரம், தோடு இவற்றுக்கு 'டேவ்'. கழுத்தில் கட்டும் டைக்கும் இடுப்பு பெல்ட்டுக்கும் 'தத்'. இறுக்கிக் கட்டு என்பது அதன் பொருள்.

செருப்புக்கு வாருங்கள். வடக்கே ஹனோய் பக்கத்தில் 'டி' என்கிறார்கள். 'போ' என்பதற்கும் அங்கே 'டி' என்பதே சொல்! தெற்கே ஹோசிமின் நகரத்தில் 'மாங்' என்கிறார்கள். அதற்குச் 'சுமந்து செல்' என்ற பொருளும் உண்டு.

தமிழ் வீடுகளுக்கு இது புதுமை அல்ல. சேலையைக் கட்டுவார்கள், பூவைச் சூடுவார்கள், கண்ணாடியை மாட்டுவார்கள். 'சட்டையைச் சூடினான்' என்று யாராவது சொன்னால் குழந்தைகூடச் சிரித்துவிடும்.

முதல் வழுக்கல்

'வேர்' என்றால் 'மக்' என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிற பையனுக்குச் சட்டை வரைக்கும் கவலை இல்லை. கண்ணாடி வந்தால் திகைக்கிறான். அதற்கு வேறு வினைச்சொல் இருக்க வேண்டுமே என்று தேடுகிறான். அவன்மீது குற்றம் இல்லை. அவனுடைய தாய்மொழி அவனை அப்படிப் பழக்கியிருக்கிறது.

போட்டிருக்கிறாரா? போடுகிறாரா?

உடம்பின் எந்தப் பாகம் என்று ஆங்கிலம் கேட்பதில்லை. ஆனால் வேறொன்றைக் கண்டிப்பாகக் கேட்கிறது.

உடை ஏற்கெனவே உடம்பில் இருந்தால்தான் 'வேர்'. கையை நுழைத்துப் போட்டுக்கொள்ளும் அந்த வேலைக்கு 'புட் ஆன்' என்று சொல்ல வேண்டும். கழற்றுவது 'டேக் ஆஃப்'.

வியட்நாம் மொழியில் போடுவதற்கும் போட்டிருப்பதற்கும் ஒரே வினைச்சொல். தேவைப்பட்டால் பக்கத்தில் ஒரு சிறு சொல்லைச் சேர்ப்பார்கள். ஆகவே, 'சிவப்பு அங்கி அணிந்திருக்கும் பெண்' என்று சொல்ல நினைத்து, 'சிவப்பு அங்கியை மாட்டிக்கொண்டிருக்கும் பெண்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறார்கள்!

காலம் காட்டுவதும் அப்படியே. அங்கே வினைச்சொல் உருமாறுவது கிடையாது. நடந்து முடிந்ததற்கு 'டா', நடப்பதற்கு 'டாங்', நடக்கப்போவதற்கு 'ஸே' என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். பேச்சில் பொருள் விளங்கினால் அதையும் விட்டுவிடலாம். ஆங்கிலத்திலோ 'வேர்' என்பது 'வோர்' ஆகிறது; பிறகு 'வோர்ன்' ஆகிறது. 'வோர்' என்று உச்சரித்தால் யுத்தம் என்ற ஆங்கிலச் சொல்லைப் போலவே காதில் விழும். பாவம், படிப்பவர்கள்!

இது பரீட்சை மார்க்கோடு போகிற விஷயம் அல்ல. வயிற்றுப் பிழைப்பும் இதில் இருக்கிறது.

மத்திய வியட்நாமில் ஹோய் ஆன் என்ற பழைய துறைமுக ஊர் இருக்கிறது. 1999-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. தையல் கடைகளுக்குப் பெயர் போன ஊர் அது. வெளிநாட்டார் வந்து அளவு கொடுத்துக் கோட்டு தைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு வெள்ளைக்காரர் கடைக்கு வந்து, 'நான் போட்டிருந்தேனே, அதைப் போல ஒன்று தையுங்கள்' என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். அவர் சொன்னது 'வோர்'. கடைப் பெண் காதில் விழுந்தது 'வேர்'. முதல் நாள் போட்டு வந்த கோட்டை விட்டுவிட்டு, இன்று உடம்பில் இருக்கும் கோட்டைப் பார்த்துத் துணியை வெட்டிவிட்டால்? கத்தரி பட்ட துணி திரும்ப ஒட்டுமா? துணியின் விலையை யார் தருவது?

டயரை அணிந்தது யார்?

வேடிக்கை இன்னும் இருக்கிறது. 'வேர்' என்பதற்குத் 'தேய்ந்து போ' என்றும் பொருள் உண்டு. டயர் தேய்ந்துவிட்டால் ஆங்கிலத்தில் 'வோர்ன்' என்பார்கள். புதிதாகப் படிக்கிறவர் அதைக் கேட்டு, 'டயரை யார் அணிந்தார்கள்?' என்று விழிப்பார்! அவர் மொழியில் தேய்மானத்துக்கு 'மோன்' என்று தனிச் சொல் இருக்கிறது. போட்டுப் போட்டுச் சட்டை நைந்து போகிறது அல்லவா? அந்த வழியாக இந்தப் பொருளைச் சொல்லிக் கொடுத்தால் மனதில் நிற்கும். நாள் முழுவதும் உழைத்துக் களைத்த மனிதனும் ஆங்கிலத்தில் 'வோர்ன் அவுட்'தான்.

தொப்பியைக் கையில் எடுத்தால்...

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதைவிடப் பொருளைக் கையில் எடுத்துக் காட்டுவது மேல். ஆசிரியர் தொப்பியை எடுத்துத் தலைக்குக் கொண்டு போகும்போது 'புட் ஆன்' என்கிறார். தொப்பி தலையில் உட்கார்ந்ததும் 'வேர்' என்கிறார். அடுத்துக் கண்ணாடி, பிறகு கடிகாரம், கடைசியில் செருப்பு. பொருள் மாறுகிறது, சொல் மாறவில்லை. இரண்டு தடவை காட்டினால் பின்வரிசைப் பையனும் பிடித்துக்கொள்வான்.

தாடிக்குத்தான் கொஞ்சம் தகராறு. ஆங்கிலத்தில் தாடியையும் 'அணிந்திருக்கலாம்'! வியட்நாம்காரரோ தாடியை 'விட்டிருக்கிறார்'. அதற்கு ஆசிரியரே தாடி வளர்த்தால்தான் உண்டு!