அமினோ அமிலக் குறைநிரப்பிகள்: பயன்களும் பாதுகாப்பும்

அமினோ அமிலக் குறைநிரப்பிகள் என்பவை, புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களைத் தூளாகவோ மாத்திரையாகவோ நீர்மமாகவோ தரும் பொருட்கள். பேச்சு வழக்கில் இவை சப்ளிமெண்ட் எனப்படுகின்றன. சில நோய்களில் இவை இன்றியமையாத சிகிச்சை. நலமாக உள்ள பெரும்பாலோருக்கு அன்றாட உணவே இவற்றின் தேவையை நிறைவு செய்கிறது. திருநெல்வேலிப் பகுதியின் உளுந்தம்பருப்புச் சோறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அடிப்படை

நம் உடலின் புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றுள் லைசின், மெத்தியோனின், லியூசின், டிரிப்டோபான் உள்ளிட்ட 9 அமிலங்களை உடல் தானே உருவாக்க இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். இவை இன்றியமையா அமினோ அமிலங்கள் எனப்படும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் புதிய புரதம் உருவாவது தடைப்படும். நலமான ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 50 கிராம்.

தாமிரபரணிப் படுகையின் உணவு

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் ஆகிய பருவங்களில் நெல் விளைகிறது. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. மெத்தியோனின் போதிய அளவில் உண்டு. கோவில்பட்டி, விளாத்திகுளம் பகுதிகளின் கரிசல் நிலங்களில் விளையும் உளுந்தில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. உளுந்தம்பருப்புச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எள்ளுத் துவையலும் மெத்தியோனினைக் கூட்டுகிறது.

100 கிராம் அரிசியும் 50 கிராம் உளுந்தம்பருப்பும் சேர்ந்தால் ஏறத்தாழ 19 கிராம் புரதமும் 1 கிராம் லைசினும் கிடைக்கும். 60 கிலோ எடையுள்ளவரின் நாள் தேவையான 1.8 கிராம் லைசினில் இது பாதிக்கும் மேல். இட்லி, தோசை, பருப்புச் சோறு ஆகியவற்றிலும் அரிசியும் பருப்பும் இவ்வாறே ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. பருப்பின் அளவைக் குறைத்து அரிசியை மட்டும் கூட்டினால் இப்பயன் கிட்டாது.

மருத்துவப் பயன்கள்

- பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோயில் பீனைல்அலனின் நீக்கப்பட்ட அமினோ அமிலக் கலவை உணவாகத் தரப்படுகிறது. இது குழந்தையின் மூளை பாதிக்கப்படாமல் காக்கிறது.
- வாயால் உண்ண இயலாத நோயாளிகளுக்கு அமினோ அமிலக் கரைசல் சிரை வழியே செலுத்தப்படுகிறது.
- அரிவாள் செல் நோய்க்கு எல்-குளுட்டமின் மருந்தை அமெரிக்கா 2017-இல் அனுமதித்தது.

தசை வளர்ச்சிக்காக உடற்பயிற்சிக் கூடங்களில் பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் பி.சி.ஏ.ஏ. என்பது லியூசின், ஐசோலியூசின், வேலின் ஆகிய மூன்றின் கலவை. எஞ்சிய 6 இன்றியமையா அமிலங்கள் இல்லாமல் இவற்றால் மட்டும் தசையைக் கட்ட முடியாது. உடலைப் பெருக்கப் புரதத் தூள்களைத் தவிர்க்குமாறு ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி கூறுகிறது.

பாதுகாப்பு

உணவில் அமினோ அமிலங்கள் கலந்தும் மெதுவாகவும் உடலில் சேர்கின்றன. ஒரே அமிலத்தை அதிக அளவில் உட்கொள்வது இதிலிருந்து வேறானது. 1989-இல் அமெரிக்காவில் எல்-டிரிப்டோபான் மாத்திரை உட்கொண்ட 1,500-க்கும் மேற்பட்டோர் கடும் தசைவலி நோய்க்கு ஆளாயினர். 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலான பாதிப்புகள் ஒரே நிறுவனத்தின் தயாரிப்போடு தொடர்புற்றிருந்தன. அதில் கலந்திருந்த மாசுகள் மீது ஐயம் எழுந்தது. மாரடைப்புக்குப் பின் எல்-ஆர்ஜினின் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, அதை உட்கொண்டோரில் 6 பேர் இறந்ததால் இடையில் நிறுத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2006-இல் வெளியாயின.

பின்வருவோர் மருத்துவரைக் கேட்காமல் இவற்றை உட்கொள்ளக் கூடாது:

- சிறுநீரக, கல்லீரல் நோயாளிகள்
- கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், சிறார்
- மனச்சோர்வு மருந்து எடுப்போர்: டிரிப்டோபானுடன் சேர்ந்தால் செரட்டோனின் ஆபத்தான அளவுக்கு உயரலாம்
- பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்போர்: அமினோ அமிலங்கள் அம்மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்

வாங்கும்போது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், ஒரு வேளைக்கான அளவு, காலாவதி நாள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உரிம எண் இருப்பது நோய் தீரும் என்பதற்குச் சான்றாகாது. உட்கொண்ட பின் தசைவலி, தோல் தடிப்பு, மூச்சுத் திணறல் தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு, அப்புட்டியுடன் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.