ஐகான் மங்கினால் இருப்பும் மாறும்: எஸ்விஜி பற்றி ஒரு குறிப்பு

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்டாக் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். க்யூட் நூலகத்தில் எழுதியது, டெபியன் லினக்ஸில் ஓடுகிறது. மூன்று வருஷம் தொந்தரவு இல்லை. பழைய மானிட்டரை மாற்றிப் புதுசு வாங்கிய மாதம் கணக்கு உதைத்தது. எம்.எஸ். பிளேட் கணினியில் அதிகம், ரேக்கில் குறைவு. பழி ஸ்டோர் கீப்பர் மேல் விழுந்தது. சம்பளத்தில் பிடிக்கலாமா என்பது வரைக்கும் பேச்சு போய்விட்டது.

நேரில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெளியே போன சரக்கு சில, உள்ளே வந்ததாகப் பதிவாகியிருந்தது. "சார், புது ஸ்க்ரீன்ல ரெண்டு படமும் ஒரே மாதிரிதான் தெரியுது" என்றார். உண்மைதான். பெட்டிக்குள் போகும் அம்பு இன்வர்டு, வெளியே வரும் அம்பு அவுட்வர்டு. அம்பின் முனை கரைந்து, இரண்டுமே சாம்பல் கட்டியாகத் தெரிந்தன. தப்பு என்னுடையது.

ஏன் அப்படி ஆனது? நான் வைத்திருந்தது 16க்கு 16 பிஎன்ஜி படம். மொத்தம் 256 புள்ளிகள். புது மானிட்டரில் எழுத்து சின்னதாக இருக்கிறதென்று யாரோ 125 சதவீதம் வைத்திருந்தார்கள். அப்போது 16 புள்ளி 20 ஆக வேண்டும், அதாவது 256 புள்ளியிலிருந்து 400 புள்ளி. இல்லாத புள்ளிகளைப் பக்கத்து நிறங்களைக் கலந்துதான் கணினி நிரப்பும். மங்கல் அங்கே வருகிறது.

இதை ஒர்க்‌ஷாப்காரர்களுக்குப் புரிய வைப்பது சுலபம். பாகத்தை போட்டோ எடுத்துக் கொண்டுபோய் லேசர் கட்டிங்கில் கொடுத்தால் வெட்ட மாட்டார்கள், ட்ராயிங் கேட்பார்கள். பிஎன்ஜி என்பது போட்டோ. எஸ்விஜி என்பது ட்ராயிங்: இந்த இடத்தில் தொடங்கு, இதுவரை கோடு போடு, இப்படி வளை. 2001 செப்டம்பரில் டபிள்யூ3சி இதைப் பரிந்துரையாக வெளியிட்டது. உள்ளே இருப்பது வெறும் எக்ஸ்எம்எல் எழுத்து. நோட்பேடிலேயே திறந்து பார்க்கலாம். 'வியூபாக்ஸ்' என்ற ஒரு வரி தாளின் அளவைச் சொல்கிறது. 20 புள்ளி கேட்டாலும் 200 கேட்டாலும், அந்த அளவுக்குப் புதிதாக வரையப்படும்.

லினக்ஸில் மெனுவில் தெரியும் செயலி ஐகானுக்கும் இதுவே வழி. ஹைகலர் ஃபோல்டருக்குள் ஸ்கேலபிள், அதற்குள் ஆப்ஸ். அங்கே எஸ்விஜியைப் போட்டு, டெஸ்க்டாப் கோப்பில் பெயரை மட்டும் எழுதினால் போதும். கூடவே ஒரு 48 புள்ளி பிஎன்ஜியும் வைக்கச் சொல்கிறது ஃப்ரீடெஸ்க்டாப் விதி. விண்டோஸின் ஐகோ கோப்பில் எஸ்விஜி போகாது. அதிலிருந்து 16, 32, 48, 256 என்று தனித்தனிப் படங்களாக எடுத்துச் சேர்க்க வேண்டும்.

சரி, எஸ்விஜிக்கு மாற்றினேன், வேலை முடிந்ததா? இல்லை. மூன்று இடத்தில் இடித்தது.

முதலாவது, தமிழ். குழப்பமே வரக்கூடாதென்று 'உ', 'வெ' என்று எழுத்தும் சேர்த்தேன். என் லேப்டாப்பில் அழகாக இருந்தது; அங்கே கட்டம் கட்டமாக வந்தது. எஸ்விஜிக்குள் எழுத்தை எழுத்தாகவே வைத்தால், திறக்கும் கணினியில் அந்த எழுத்துரு இருக்க வேண்டும். புரோகிராம் முழுக்க ஆங்கிலம் என்பதால் அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு போடவே இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. யூனிகோடில் 'வெ' என்பது முதலில் 'வ', பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் நகர்த்துவது வரைகிற நூலகத்தின் வேலை. அது சரியாகச் செய்யாவிட்டால் எழுத்து உடையும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: இங்க்ஸ்கேப்பில் பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து எழுத்தைக் கோடாக மாற்றிவிடுவது. மாற்றிய பின் எழுத்தைத் திருத்த முடியாது, அதனால் மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நிழல். க்யூட்டின் எஸ்விஜி பகுதி, எஸ்விஜி டைனி 1.2 என்ற சுருக்கப்பட்ட வடிவத்தைச் சார்ந்தது. இங்க்ஸ்கேப்பில் போட்ட மங்கல் நிழல் என் புரோகிராமில் வரவே இல்லை. நிழலை எடுத்துவிட்டேன்.

மூன்றாவதுதான் முக்கியம். பெரிய படத்தைச் சின்னதாக்கினால் கோடு கூர்மையாக வரும், ஆனால் விவரம் நெருக்கியடிக்கும். கொம்பும் 'வ'வும் 16 புள்ளி அகலத்துக்குள் பிரிந்து தெரியவில்லை. போதாததற்கு, 1 புள்ளி தடிமனுள்ள கோட்டின் நடுவை முழு எண் இடத்தில் வைத்தால், அது இரண்டு பக்கமும் பாதிப் பாதி விழுந்து சாம்பலாகும். 2 புள்ளி தடிமன் என்றால் சரியாக உட்காரும். ஆகவே சின்ன அளவுக்கென்று தனியாக ஒன்று வரைந்தேன். பெட்டி இல்லை, எழுத்து இல்லை. இன்வர்டுக்குக் கீழ்நோக்கிய தடித்த பச்சை அம்பு, அவுட்வர்டுக்கு மேல்நோக்கிய ஆரஞ்சு அம்பு. நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் திசை உதவும். எழுத்துள்ள படம் பெரிய பொத்தானுக்கு மட்டும்.

டெலிவரி சலான்களை எடுத்து வைத்து, நானும் ஸ்டோர் கீப்பரும் ஒரு சாயங்காலம் முழுக்க பதிவுகளைச் சரிபார்த்தோம். பிளேட் கணக்கு நேரானது. முதலாளியிடம் நானே போய், பிழை ஐகானில் என்று சொன்னேன். சம்பளப் பேச்சு அதோடு நின்றது.

இப்போதெல்லாம் ஐகான் வரைந்தால் என் திரையில் பார்த்துத் திருப்திப்படுவதில்லை. 100, 125, 150 சதவீதங்களில் ஓட்டி, அதைத் தினமும் அழுத்தப்போகிறவரை உட்காரவைத்து, "இது என்னன்னு தெரியுதா?" என்று கேட்டுவிடுகிறேன்.