வெள்ளைப் பென்சிலுக்கும் வேலை இருக்கு!



"வீட்டில் வயதானவரை வைத்துக்கொண்டு வாசல்படி தாண்ட முடியவில்லை. தையல் கிளாஸ், பாட்டு கிளாஸ் எதற்கும் போக வழியில்லை" என்று சென்ற வாரம் ஒரு சகோதரி இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். என் கதையை யாரோ எழுதிவிட்ட மாதிரி இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் மாமியாருக்கு 84 வயது. நாலு வருஷமாக மறதி. காலையில் சாப்பிட்ட இட்லியைப் பத்து மணிக்கு மறந்துவிட்டு, "இந்த வீட்டுல ஒருத்தரும் எனக்குச் சோறு போடல" என்பார். தனியாக விட்டுவிட்டு எதிர்வீட்டுக்குக்கூடப் போக முடியாது. அந்தச் சமயத்தில் நான் கையில் எடுத்ததுதான் கலர் பென்சில். பன்னிரண்டு பென்சில் உள்ள பெட்டி, நூறு ரூபாய்க்குள். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்னம்மா, எல்.கே.ஜி.யில சேர்ந்துட்டியா?" என்றார். "ஆமாம், ஃபீஸ் கட்டுங்க" என்றேன்.

ஏன் கலர் பென்சில் என்றால், வாட்டர் கலருக்குத் தட்டு, பிரஷ், தண்ணீர் டம்ளர் என்று கடை பரப்ப வேண்டும். அத்தை கூப்பிட்ட குரலுக்கு ஓடிவிட்டு வருவதற்குள் பாதி பூசிய இடம் காய்ந்து கறை கட்டிவிடும். பென்சிலை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போகலாம். ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குக்கர் மூணாவது விசில் அடிப்பதற்குள் ஒரு கத்தரிக்காய்க் காம்பு முடிந்துவிடும்.

படம் வரையவே தெரியாதே என்கிறீர்களா? சிக்குக் கோலம் போடுகிற கைக்கு வளைகோடு யார் சொல்லித்தர வேண்டும்? கோடு போட்டே விற்கிற புத்தகத்தில் கலர் அடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அது அடுத்தவர் போட்ட கோலத்துக்குக் கலர்ப்பொடி தூவுகிற மாதிரி. காய்கறிக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து எதிரே வையுங்கள். சாதாரண பென்சிலால் லேசாகக் கோடு போடுங்கள். அழுத்திப் போட்டால் மஞ்சள் அடிக்கும்போது கரி கலந்து அழுக்காகத் தெரியும்.

பளபள சார்ட் பேப்பர் வேண்டாம், வழுக்கும். தடவினால் கொஞ்சம் சொரசொரப்பு தெரிகிற டிராயிங் நோட்டுதான் சரி. இந்தப் பென்சில்களில் பெரும்பாலும் நிறப்பொடியோடு மெழுகுதான் சேர்த்திருக்கும். எடுத்தவுடன் அழுத்தித் தேய்த்தால் மெழுகு அந்தச் சொரசொரப்பை அடைத்துவிடும். அப்புறம் மேலே எந்தக் கலரும் ஏறாது. முகத்துக்குப் பவுடர் போடுகிற மாதிரி மெல்லிசாக, நாலைந்து தடவை போடணும். கையின் கீழே ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொண்டால் வியர்வை படாது.

கத்தரிக்காய் என்றால், வெளிச்சம் பளிச்சென்று விழுகிற இடத்தை முதலில் பார்த்து வைத்து, அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். வெள்ளை அங்கே காகிதத்திலேயே இருக்கிறது. மற்ற இடத்தில் ஊதா, அதன் மேல் நீலம், ஓரத்தில் துளி சிவப்பு. இருட்டான பக்கத்துக்குக் கருநீலமும் பிரவுனும். கறுப்பை மட்டும் எடுக்காதீர்கள், காய் அழுகினது போலாகிவிடும். தக்காளிக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரிசையாகப் போய், நிழலுக்கு லேசாகப் பச்சை. சிவப்புக்குப் பச்சையா என்று சிரிக்க வேண்டாம். எதிரெதிர்க் கலர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் பளபளப்பு அடங்கி நிழலாகிவிடும்.

பிள்ளைகளின் பெட்டியில் எப்போதும் சீவாமலே கிடக்குமே வெள்ளைப் பென்சில், அதற்குத்தான் கடைசி வேலை. எல்லாம் முடிந்த பிறகு அதால் அழுத்தித் தேய்த்தால், நடுநடுவே எட்டிப்பார்க்கிற வெள்ளைப் புள்ளிகள் மறைந்து கலர்கள் ஒன்றோடொன்று இழைந்துவிடும். நிறம் மட்டும் ஒரு சாயல் வெளுக்கும். பென்சில்களைக் கீழே போடாதீர்கள். உள்ளே நுனி உடைந்துபோய், சீவச் சீவ விழுந்துகொண்டே இருக்கும்.

பொங்கலுக்கு வந்த என் நாத்தனார் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "அம்மாவைக் கவனிக்க நேரமில்ல, அண்ணிக்குப் படம் வரைய மட்டும் நேரம் இருக்கா?" என்று கேட்டார். நான் பதில் பேசவில்லை. மத்தியானம் நோட்டை எடுத்துக்கொண்டு வழக்கம்போல அத்தை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தை படத்தை உற்றுப் பார்த்து, "இலவம்பாடிக் காயா? காம்புல முள்ளக் காணோமே" என்றார். மகளின் பெயரைக் காலையிலிருந்து சொல்லாதவர்! (எங்கள் வேலூர் மாவட்டத்து முள்ளுக் கத்தரிக்காய்தான் அது. 2023ல் புவிசார் குறியீடுகூட வாங்கியது.) நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சில் சீவிக் கொடுத்தார்.

எல்லா நாளும் இப்படி இல்லை. சில நாள் பெட்டியையே தட்டிவிடுவார். சில நாள் நான் யாரென்று கேட்பார். ஆனால் அந்த அரை மணி நேரம் எனக்கு வேண்டியிருக்கிறது. அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இன்னொன்று. வரைந்ததை ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். ரோஸும் ஊதாவும்தான் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். விலை கூடிய சில பென்சில்களில் நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். நட்சத்திரம் கூடக் கூட வெளிச்சம் தாங்கும். ஆயில் பேஸ்டல் பெரிய படத்துக்குச் சீக்கிரம் ஆகும். ஆனால் எங்கள் வேலூர் வெயிலுக்கு மேமாதம் கையிலேயே குழைகிறது. தண்ணீர் தொட்டால் கரைகிற வாட்டர் கலர் பென்சிலும் கிடைக்கிறது. அதை அத்தை தூங்கும்போது மட்டும் எடுக்கிறேன்.

கத்தரிக்காய், தக்காளி, வாழைக்காய் முடிந்து இப்போது பாகற்காய்க்கு வந்திருக்கிறேன். அந்த மேடு பள்ளத்தில் எங்கே வெளிச்சம் விடுவது, எங்கே நிழல் போடுவது என்று பிடிபடவில்லை. தெரிந்த சகோதரிகள் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

— ஒரு வாசகி, வேலூர்.