காணாத பள்ளமும் கிணற்று நீரும்

நாம் பல்லாண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வரும் எண் ஒன்று உண்டு. புவியீர்ப்பினால் விழும் பொருளின் ஆர்முடுகலைக் குறிக்கும் 9.81 என்பதே அது. அண்மையில் ஒரு நாள் அதனை எழுதிவிட்டுத் திரும்பியபோது, பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இது யாழ்ப்பாணத்துக் கணக்கா, லண்டன் கணக்கா?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. நாம் நகைக்கவில்லை. கேட்ட கேள்வி மிகச் சரியானது. 9.81 என்பது லண்டன் மாநகரத்துக்குப் பொருந்தும் எண். யாழ்ப்பாணத்தில் அது ஏறக்குறைய 9.78 ஆகும்.

இச்சிறு வேறுபாட்டினால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். லண்டனில் நேரம் சரிபார்த்த ஊசற் கடிகாரம் ஒன்றினை, ஊசலின் நீளத்தை மாற்றாமல் இங்கே கொண்டுவந்து சுவரில் மாட்டினால், அது நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்தி ஓடும். 1672ஆம் ஆண்டிலே பிரெஞ்சு வானியலறிஞர் றிஷே, தென்னமெரிக்காவின் கயேன் நகரில் இதனை நேரிற் கண்டார். பாரிசில் ஒழுங்காக ஓடிய கடிகாரம் அங்கே பிந்தியது. ஊசலைச் சற்றே குறுக்கிய பின்னரே அது சரியான நேரம் காட்டிற்று. பூமி தன்னைத்தானே சுற்றுவதும், அதனால் நடுவிற் பருத்திருப்பதுமே இதற்குக் காரணம் என்று நியூட்டன் பின்னர் விளக்கினார்.

எனினும் பூமியின் சுழற்சியும் பருமையும் மட்டுமே காரணம் என்று கொண்டால் கணக்கு முடிந்துவிடாது. காலடியில் உள்ள பாறை கனமானதா, இலேசானதா என்பதும் ஈர்ப்பை மாற்றும். ஆகவே ஈர்ப்பை நுட்பமாக அளப்பவர், தோண்டாமலே பூமியின் உள்ளே பார்க்கின்றவர் ஆகின்றார்.

கடலிலே ஒரு பள்ளம்

நிலத்தில் ஊசலை வைத்து அளப்பது எளிது. அலைகளால் ஆடும் கப்பலில் அளப்பது எப்படி? ஒல்லாந்து தேசத்து அறிஞர் வெனிங் மைனஸ் இதற்கு ஒரு வழி கண்டார். பல ஊசல்களை ஒன்றாகப் பொருத்திய கருவியுடன், 1923ஆம் ஆண்டு முதல் நீர்மூழ்கிக் கப்பல்களில் ஏறி, அலையின் ஆட்டம் குறைந்த ஆழத்துக்குச் சென்று அளந்தார். மிக நெடிய உருவினரான அவர் அந்த நெருக்கமான கப்பல்களில் பல மாதங்கள் பயணஞ் செய்தார். இந்து சமுத்திரத்தில் ஈர்ப்புக் குறைந்த பெரும் பகுதி ஒன்று உண்டென்பதை 1948ஆம் ஆண்டளவில் உலகுக்கு அறிவித்தவரும் அவரே.

அப்பகுதியின் மையம் இலங்கைக்குத் தென்மேற்கே, நமக்கு மிக அண்மையில் உள்ளது. பூமியின் ஒழுங்கான உருவத்தைக் கணித்து, அங்கே கடல்மட்டம் எங்கே இருக்கவேண்டும் என்று பார்த்தால், உண்மைக் கடல்மட்டம் அதற்கு 100 மீற்றருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. இது கடலின் அடியில் உள்ள பள்ளமன்று. கடலின் மேற்பரப்பிலேயே உள்ள பள்ளம். உலகிலே இதைப்போல் ஆழமானது வேறில்லை. நமது தீவும் இப்பள்ளத்தின் உள்ளேதான் அமைந்திருக்கிறது.

அப்படியாயின் அங்கே செல்லும் கப்பல் சறுக்கி வீழாதா? வீழாது. "மட்டம்" என்று நாம் சொல்வதையே ஈர்ப்புத்தான் வகுக்கிறது. கொத்தனார் பிடிக்கும் தூக்குக்குண்டு எப்பக்கம் தொங்குகிறதோ, அதற்குச் செங்குத்தாக நீர் அமைகிறது. திணிவு மிகுந்த பக்கம் நீர் இழுபட்டு உயர்கிறது. திணிவு குறைந்த இடத்தில் தாழ்கிறது. எந்த மாலுமியும் அங்கே ஏறவோ இறங்கவோ உணர்வதில்லை.

இக்குறைவு ஏன் வந்தது? பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞான நிறுவனத்தின் தெபாஞ்சன் பால், ஆத்ரேயி கோஷ் ஆகிய இருவரும் 2023ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் தந்தனர். கடந்த 14 கோடி ஆண்டுகளில் பூமியின் உள்ளே நிகழ்ந்த அசைவுகளை அவர்கள் கணினியிற் கணித்துப் பார்த்தனர். மறைந்துபோன தெதிஸ் என்னும் பழங்கடலின் தரைப்பாறை ஆழத்தில் அமிழ்ந்து, ஆபிரிக்காவின் அடியில் உள்ள வெப்பப் பொருளைக் கலக்க, சூடான இலேசான பாறை மேலெழுந்து பரவியதே காரணம் என்பது அவர்கள் முடிபு. இப்பள்ளம் இன்றைய உருவத்தைப் பெற்றுச் சுமார் 2 கோடி ஆண்டுகள் ஆயினவாம்.

வானிலிருந்து ஒரு தராசு

பாறையின் குறைவைக் காட்டிய அதே ஈர்ப்பு, நீரின் குறைவையும் காட்டும். 2002ஆம் ஆண்டிலே அமெரிக்காவும் ஜேர்மனியும் சேர்ந்து இரண்டு செய்மதிகளை ஏவின. ஒன்றன்பின் ஒன்றாக ஏறக்குறைய 220 கிலோமீற்றர் இடைவெளியில் அவை பறந்தன. திணிவு மிகுந்த நிலத்தை அணுகும்போது முன்னது சற்று முந்தி இழுபடும், இடைவெளி கூடும். மயிரிழையிலும் மெல்லிய அம்மாற்றத்தை நுண்ணலைகளால் அளந்தனர். காற்றுக்கும் எடை உண்டாதலின், வளிமண்டலத்தின் இழுவையையும் கணித்துக் கழித்தனர். 2017இல் அவற்றின் பணி முடிந்தது. 2018இல் வேறோர் இணை ஏவப்பட்டது.

அவை கண்டது என்ன? வட இந்தியாவின் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானாப் பகுதிகளில் 2002க்கும் 2008க்கும் இடையில் 109 கன கிலோமீற்றர் நிலத்தடி நீர் குறைந்துவிட்டது என்று 2009இல் வெளியான ஆய்வு கூறிற்று. அந்நீரை இலங்கை முழுவதிலும் பரப்பினால் ஒன்றரை மீற்றருக்கு மேல் நிற்கும். வயலுக்கு நீர் இறைத்தவன் தன் கிணற்றை மட்டுமே கண்டான்; நாட்டின் எடையே குறைந்ததை வானத்துத் தராசு கண்டது.

நமது கிணறு

இவ்விடத்தில் நாம் நம்மையும் நோக்கவேண்டும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறொன்று இல்லாத நமது குடாநாட்டுக்கு, சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரே உயிர். துலா மிதித்து இறைத்த நாளில் மனிதனின் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது. நீர்ப்பம்பிக்குக் களைப்பில்லை. நன்னீர் அளவுக்கு மீறி எடுக்கப்படும்போது, அவ்விடத்தை உவர்நீர் நிரப்புகின்றது. உவர்த்த கிணற்றைத் திருத்துவது எளிதன்று.

வானத்துத் தராசு நமக்காக இதனை நிறுத்துச் சொல்லாதா? சொல்லாது. சில நூறு கிலோமீற்றர் அகன்ற பரப்பில் நிகழும் மாற்றமே அதற்குப் புலப்படும். நமது குடாநாடு அதற்கு மிகச் சிறியது. நம் நீரை நாமே அளந்தாலன்றி, நமக்காக அளப்பார் வானில் இல்லை.

ஆகவே அன்று கேள்வி கேட்ட மாணவனிடம் முடிச்சுகள் இட்ட கயிறொன்றைக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமைதோறும் கல்லூரிக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து ஒரு கொப்பியிற் குறித்து வருமாறு பணித்தோம். இதுவரை ஒன்பது வாரங்கள் குறித்துள்ளான். கரும்பலகையில் இப்போது 9.78 என்றே எழுதுகின்றோம். வாசகர்கள் தம் வீட்டுக் கிணற்றிலும் ஒரு கயிற்றை இறக்கிப் பார்ப்பாராக.