யானையை விரட்ட வெடி; போவது யார் காது?

புளியங்குடி:
மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது புளியங்குடி. எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். பொழுது சாய்ந்தால் மலையோரத் தோட்டக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. யானையோ காட்டுப்பன்றியோ இறங்கிவிட்டால் பட்ட பாடெல்லாம் பாழ். விரட்டக் கையில் இருப்பது வெடிதான்.

"டமார்" என்றதும் மிருகம் ஓடுகிறது. வெடி போட்டவர் காதில் "கொய்ங்" என்று இரைச்சல். "காலையில சரியாப் போயிடும்" என்று படுத்து விடுகிறார். அங்கேதான் ஆபத்து!

4 மீட்டர் தூரத்தில் உச்சச் சத்தம் 145 டெசிபலைத் தாண்டும் வெடிக்கு மத்திய அரசு 1999-ம் ஆண்டே தடை போட்டது. ஆனால் 140-ஐத் தாண்டினாலே ஒரு வேட்டில் காது கெடலாம் என்கிறது மருத்துவம். காலடியில் வெடித்தால் கேட்கவே வேண்டாம்.

துப்பாக்கியும் அப்படியே. என்.சி.சி. மாணவர்கள் சுட்டுப் பழகும் .22 ரைபிளே சுமார் 140. பன்னிரண்டு போர் துப்பாக்கி 150-ஐத் தாண்டும். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

பஞ்சு பத்தாது

காதில் பஞ்சு வைத்தால் பத்தாது. நுரை அடைப்பானை உருட்டி, காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட வேண்டும். துப்பாக்கி சுடுகிறவர்கள் அதற்கு மேல் காதுமூடியும் போட்டுக்கொள்வது நல்லது. பக்கத்தில் நிற்பவருக்கும் இதே பாதுகாப்பு வேண்டும். மறுநாளும் இரைச்சல் நிற்கவில்லையா? தள்ளிப்போடாமல் காது டாக்டரிடம் ஓட வேண்டும்.

போன எலுமிச்சை அடுத்த பருவத்தில் காய்க்கும். போன காது வராது!